இலக்கு திருத்தக் குழுவின் முன் ஒரு கிட்டார்

தோல்வி என்பதே நடக்காத இடங்கள் உலகத்தில் இரண்டு உண்டு. ஒன்று சுடுகாடு. அங்கே போனவர்களில் ஒருவர்கூட, வேலை சரியில்லை என்று திரும்பி வந்து புகார் சொன்னதில்லை. இன்னொன்று, பெரிய சாலையின் வளைவில் கண்ணாடிச் சுவரும் நீரூற்றுமாக நிற்கிற உடலியக்க மறுவாழ்வு நிலையம். 'இங்கு வந்த எவரும் இலக்கை அடையாமல் போனதில்லை' என்று அதன் நெற்றியில் ஆளுயர எழுத்தில் எழுதியிருக்கிறது. நீரூற்றில் தண்ணீர் வராது. அதைப் பற்றி எங்கும் எழுதவில்லை.

கழுத்திலிருந்து தொங்கிய துணியில் வலது கையைக் கிடத்திக்கொண்டு, பிள்ளை பெற்று வீடு திரும்புகிறவரைப் போல, தந்தி அந்த வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

தந்தி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைச் சட்டத்துக்குத் தக்கபடி அறுத்துப் பொருத்துகிற வேலை அவருக்கு. சனிக்கிழமை சாயங்காலமானால் மச்சினன் வீட்டுக் கார் ஷெட்டில் கிட்டார் வாசிப்பார். அந்தக் கம்பிகள் தந்த பெயர்தான் அது. மச்சினன் பாடுவான், முடிதிருத்தும் கடைக்காரர் டிரம் தட்டுவார். மூன்று பேரும் சேர்ந்து செய்கிற காரியத்தை இசை என்று சொல்லலாமா என்பதில் தெருவுக்குள் இன்னும் கருத்து வேற்றுமை இருக்கிறது. ஆனால் வாரம் முழுக்க அடுத்தவர் கண்ணுக்காக உழைத்த கை, தனக்காக உழைப்பது அந்த ஒரு சாயங்காலம்தான். அந்தச் சாயங்காலம் இல்லாவிட்டால் மனிதர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார் என்பது அவர் மனைவியின் வாக்குமூலம்.

மச்சினன் வீட்டு பீரோவை மாடியிலிருந்து இறக்க இரண்டு பேர் போதும் என்று சொன்னவன் மச்சினன். மேல்பக்கத்தைப் பிடித்திருந்தவனும் அவனே. பாதிப் படியில் அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தான். பீரோ, கீழே நின்ற தந்தியிடம் முழுசாக வந்து சேர்ந்தது. முழங்கையின் உள்பக்கத்தில் ஈரத்துணியைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம். புஜத்துச் சதை சுருண்டு தோள்பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"மாமா," என்றான் மேலே இருந்தவன், "யாரோ லோன் வேணுமான்னு கேக்கறாங்க."

அறுந்த தசைநாரை மறுபடி எலும்போடு பிணைத்த அறுவை டாக்டர், பேச்சைச் சிக்கனமாகச் செலவு செய்கிறவர். "கட்ட வேண்டியதைக் கட்டியாச்சு. இனி பயிற்சிதான். அதை விட்டீங்கன்னா கை கட்டையாயிடும்," என்று சொல்லி நிலையத்துக்கு அனுப்பிவிட்டார்.

நிலையத்தில் முதலில் கையைப் பார்க்கவில்லை. இலக்கைத்தான் பார்த்தார்கள். அதற்கென்று ஓர் அறை, அதில் மங்கலான விளக்கு, மங்கலான விளக்கின் கீழ் இலக்கு அலுவலர். தேன் தடவிய குரல்கொண்ட பெண்மணி.

"நாம எதுக்காக வந்திருக்கோம்?" என்றார்.

தந்தி திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. "நான் கைக்காக வந்திருக்கேங்க. நீங்க எதுக்காகன்னு தெரியலை."

"கைங்கறது வெறும் உறுப்பு. நாம வாழ்க்கையில திரும்ப அடைய ஆசைப்படறது என்ன?"

"கிட்டார் வாசிக்கணும்."

அலுவலரின் கண் கலங்கியது. தந்திக்கும் தொண்டை அடைத்தது. தன் ஆசையைக் கேட்டு ஒரு ஜீவன் கலங்கியது அவர் ஆயுளில் அதுவே முதல் தடவை. அடுத்து வந்தவர் "தானா பல் விளக்கணும்" என்றபோதும் அதே கண் அதே அளவுக்குக் கலங்கியதைக் கதவிடுக்கில் பார்த்த பிறகுதான் தொண்டை சரியானது.

'என் இலக்கு: கிட்டார் வாசித்தல்' என்று அச்சடித்த அடையாள வில்லை ஒன்றைத் தந்தியின் சட்டையில் குத்தினார்கள். உடனே அலுவலர் கைதட்டினார். பக்கத்து அறையில் இருந்தவர்கள், என்ன ஏது என்று கேட்காமல் தாங்களும் தட்டினார்கள். அங்கே கைதட்டல் கொட்டாவி மாதிரி. ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும். ஒருத்தர் காலைத் தூக்கினால் தட்டுவார்கள். தூக்க முடியாமல் கீழே போட்டால், முயற்சிக்காகத் தட்டுவார்கள். கூடத்து மெத்தைகளில் போன வருஷத்து வியர்வை நாறியது. அதற்கு மட்டும் யாரும் எதுவும் தட்டவில்லை.

ஆனாலும் ஆரம்ப வாரங்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஒரு பயிற்சிக்காரப் பெண் இருந்தாள். சிரிக்க மாட்டாள், தட்ட மாட்டாள். முழங்கையை மடக்கி நீட்ட வைப்பாள். உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்பு, தரை பார்க்கத் திருப்பு என்பாள். சிவப்பு ரப்பர் பட்டையை ஒரு முனையில் கட்டி மறுமுனையை இழுக்கச் சொல்வாள்.

"வலிக்குதா?"

"உயிர் போகுதும்மா."

"போகாது. திருப்புங்க. கிட்டார் மீட்டறது இப்படித் திருப்பறதுலதான் இருக்கு. கம்பியில கை மேலயும் கீழயும் போறதில்ல, புரளுது. பாத்திருக்கீங்களா?"

தந்தி இத்தனை வருஷம் வாசித்தும் அதைக் கவனித்ததில்லை. அன்றைக்குத் தன் கையைப் புதிதாகப் பார்த்தார். அதற்கடுத்த வாரம் அந்தப் பெண், போதிய உற்சாகம் காட்டவில்லை என்ற காரணத்துக்காக, சிரிப்புப் பயிற்சி அளிக்கப்பட்டு, வரவேற்பு மேசைக்கு மாற்றப்பட்டாள்.

அதே வாரத்தில், இலக்கு திருத்தக் குழு முன்பு ஆஜராக வேண்டும் என்று தந்திக்கு அழைப்பு வந்தது.

காத்திருப்புக் கூடத்தில் அவருக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தார். முழங்கால் மாற்றியவர். அவர் நெஞ்சில் 'என் இலக்கு: படிக்கட்டைப் பயமின்றிப் பார்த்தல்' என்று இருந்தது.

தந்தி அதை இரண்டு தரம் படித்தார். "இது என்னங்க இலக்கு?"

"முதல்ல படி ஏறறதுன்னுதான் தம்பி இருந்துச்சு. குழு கூடிச்சு, படியை நெருங்கறதுன்னு ஆச்சு. மறுபடி கூடிச்சு, பாக்கறதுன்னு ஆச்சு. பாத்துட்டேன். பயம் இல்ல. தட்டினாங்க."

"வீட்டுல எப்படி ஏறறீங்க?"

"வீடு மாடியில. நான் கீழ்வீட்டுக்காரர் வராந்தாவுல படுத்துக்கறேன். என் சம்சாரம் மேலேர்ந்து எட்டிப் பாத்து, சாப்பாட்டைக் கூடையில வெச்சுக் கயித்துல இறக்குவா. நானும் படியைப் பாப்பேன். கொஞ்சம்கூடப் பயம் இல்ல."

அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த, மாணவர் விடுதியில் சமைக்கிற அம்மாள் சிரித்தார். மணிக்கட்டு முறிந்து சேர்ந்தவர். "அவருதாவது தேவலை. என்னுதைப் படிங்க."

'என் இலக்கு: பாத்திரத்தைப் பிறர் தூக்கும்போது ஊக்கமளித்தல்.'

"விடுதியில போய் அண்டா பக்கத்துல நின்னுக்கிட்டு சபாஷ் சபாஷ்னு சொன்னா எவன் சம்பளம் குடுப்பான்?" என்றார். "நிலையத்துக்குத் தங்கத் தரம்னு சர்ட்டிபிகேட் வாங்கப் போறாங்களாம். ஆய்வுக்கு ஆள் வருதாம். ஒருத்தர் இலக்கு மிச்சம் இருந்தாலும் தங்கம் கிடையாதாம். அதுக்குத்தான் இப்படி வெட்டி வெட்டிக் குட்டையாக்கறாங்க."

குழு என்பது பெரும்பாலும் இயக்குநர்தான். மற்றவர்கள் தலையாட்ட வந்தவர்கள். இயக்குநர் ஓங்குதாங்கான மனிதர். நோயாளிகளோடு பேசும்போதும், கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்ற அக்கறையோடு பேசுவார்.

"நான் இசைக்கு எதிரி இல்ல," என்று தொடங்கினார். "எங்க வீட்டு வரவேற்பறையில ஒரு பியானோ இருக்கு. வாங்கின நாள்லேர்ந்து இதுவரைக்கும் ஒரு விரல் அது மேல பட்டதில்ல. அந்த அளவுக்கு மரியாதை. சரி, கேக்கறேன். கிட்டார்ல எந்தக் கை என்ன செய்யுது?"

"இடது கை கம்பியை அழுத்தும். வலது கை மீட்டும்."

"அழுத்தற கைதானே ஸ்வரத்தை முடிவு பண்ணுது?"

"ஆமா, ஆனா—"

"அப்ப சங்கீதம் இடது கையில இருக்கு. வலது கை செய்யறது சொறியறது. ஒருத்தர் சொறியறதுக்காக இவ்வளவு பெரிய நிறுவனம் பாடுபடணுமா? உங்க இடது கை எப்படி இருக்கு?"

"அது நல்லாத்தாங்க இருக்கு."

இயக்குநர் குழுவைப் பார்த்தார். "பாதி குணம்."

"அது உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே நல்லாத்தான் இருந்துச்சு சார்."

"பாத்தீங்களா?" என்றார் இயக்குநர், குரல் தழுதழுக்க. "நாம தொடறதுக்கு முன்னாடியே பலன். இதை வேற எந்த நிலையமாவது சொல்ல முடியுமா?"

தட்டினார்கள். தந்தியின் சட்டையிலிருந்து பழைய வில்லையைக் கழற்றி, 'கிட்டாரைப் பிடித்தல்' என்ற புது வில்லையைக் குத்தினார்கள். ஊசி கொஞ்சம் நெஞ்சிலும் இறங்கியது.

பிடிப்பதற்கு நிலையமே ஒரு கிட்டார் தந்தது. ஒட்டுப்பலகையில் அறுத்து, காவி பூசி, நசுங்கின பூசணிக்காய் மாதிரி இருந்தது. கம்பி இல்லை. கம்பி இருந்தால் நோயாளி இலக்கைத் தாண்டி ஆசைப்படக்கூடும் என்று விளக்கம் சொன்னார்கள். பயிற்சி நேரம் முழுக்க அந்தப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். சுற்றிலும் ஆட்கள் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருக்க, நடுவில் இவர், படம் வரைந்து முடிக்காத ஓவியருக்கு முன்னால் அமர்ந்தவரைப் போல. கை திருப்புகிற பயிற்சி வேண்டும் என்று கேட்டார். "பிடிக்கற இலக்குக்குத் திருப்பறது கிடையாது சார்," என்றார் புதிய பயிற்சியாளர், புன்னகை மாறாமல். இவர் சிரிப்புப் பயிற்சியில் முதல் தரத்தில் தேறியவர்.

இரண்டு வாரத்தில் சிவப்புப் பட்டை கொடுத்த பலம் போய்விட்டது. பலகை ஒருநாள் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அது வலு குறைந்ததால் விழுந்ததா, வெறுத்துப்போய் விழுந்ததா என்று தந்தியாலேயே சொல்ல முடியவில்லை. எப்படியோ, பிடித்தல் என்ற இலக்கு ஆபத்தில் இருப்பதாக மேலே தகவல் போய்விட்டது.

குழு மறுபடி கூடியது.

"இசையோட உச்சம் எது?" என்றார் இயக்குநர். "வாசிக்கறதா? இல்ல. உலகத்துல வாசிக்கறவன் ஒருத்தன். கேக்கறவன் ஆயிரம் பேர். பெரும்பான்மை எங்க இருக்கோ அங்கதான் உச்சம் இருக்கு. ரசிக்கறது. இலக்கைக் 'கிட்டார் இசையை ரசித்தல்'னு உயர்த்தறோம்."

"சார், எனக்குக் கை—"

"கை கை கைன்னு இதே பேச்சா? உங்களைக் கைக்குள்ள அடைச்சு வெச்சிருக்கறது நாங்க இல்ல, நீங்கதான்."

"இதுக்கு நான் ஒத்துக்கலைன்னா?"

இலக்கு அலுவலர் தேனாகக் குனிந்தார். "நாம ஒத்துக்கலைன்னா, நாம நோயாளியா இருக்க முடியாது. ஒத்துழைப்பு இல்லைன்னு உங்க டாக்டருக்கு எழுதுவோம். அதுக்கப்புறம் எந்த நிலையமும் சேத்துக்காது. நமக்குத்தான் கஷ்டம்."

அவர் சொன்ன 'நமக்கு' என்பதில் அவர் இல்லை என்பது தந்திக்கு முதன்முறையாகத் தெளிவாகப் புரிந்தது. நெஞ்சை நீட்டினார். வில்லையைக் குத்தினார்கள்.

ரசிப்பது காது சம்பந்தப்பட்டது என்பதால் அவருடைய கோப்பு காதுப் பிரிவுக்குப் போனது. காதுப் பிரிவு டாக்டர் இரண்டு காதிலும் விளக்கடித்துப் பார்த்து, "அற்புதம். இப்படி ஒரு ஜோடி நான் பாத்ததில்ல," என்றார். முழங்கையைக் காட்டினார் தந்தி. "அது எங்க எல்லைக்குக் கீழ," என்று டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, நல்ல காது மேலும் நல்லதாக இருக்கச் சொட்டு மருந்து எழுதினார்.

கை கட்டையாகிக்கொண்டிருந்தது. சட்டையின் மேல் பொத்தான் எட்டவில்லை. கடையில், கண்ணாடிச் சட்டத்தின் குட்டித் திருகாணியைத் திருகப் போனால் பாதியில் கை நின்றுவிடும். மீதியை முழு உடம்பையும் திருப்பித்தான் முடிக்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் ஒருவர், "கண்ணாடி மாட்டறீங்களா, நாட்டியம் ஆடறீங்களா?" என்று கேட்டே விட்டார். அன்றைக்கு வீட்டில் தந்தி கிட்டாரின் உறையைத் திறந்தார், பார்த்தார், மூடினார். ரசித்தாயிற்று.

அவர் மனைவி முன்னறையில் தையல் மெஷின் வைத்திருப்பவர். சொட்டு மருந்துப் புட்டியைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

"ஏங்க, கைக்குன்னு போனீங்க. காதுக்கு மருந்தோட வர்றீங்க. நாளைக்கு மூக்குன்னு சொன்னா மூக்கை நீட்டுவீங்களா?"

"தங்கத் தரம் வாங்கற இடம்டி."

"தங்கத்துல செஞ்ச ஊசின்னா கண்ணுல குத்திக்கறதா? அந்தச் சிரிக்காத பொண்ணு முதல்ல என்னென்ன செய்யச் சொன்னா?"

தந்தி சொன்னார். மனைவி, பாவாடை இடுப்புக்கு வைத்திருந்த எலாஸ்டிக் உருளையை எடுத்து, ஒரு முனையை மெஷின் காலில் கட்டினார். "இழுங்க."

"இது சிவப்பா இருக்கணும்."

"வலிக்கும்போது கண்ணை மூடிக்கங்க. சிவப்பாத்தான் தெரியும்."

தெரிந்தது. தினமும் கடையிலிருந்து வந்ததும் மடக்கல், நீட்டல், திருப்பல். வானம், தரை, வானம், தரை. வலியில் வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டுவார். மனைவி அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் தைத்துக்கொண்டிருப்பார். சில நாள் மச்சினன் வந்து, குற்ற உணர்ச்சியோடு எலாஸ்டிக்கின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வான். ஒருநாள் பிடித்திருக்கும்போதே அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. அக்கா மெஷினிலிருந்து தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். அவன் எடுக்கவில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

எத்தனையோ சாயங்காலம் கழித்து, ஒருநாள் உள்ளங்கை முழுசாக வானம் பார்த்தது. தந்தி கிட்டாரை எடுத்து மடியில் வைத்து, கையைக் கம்பி மேல் ஒரே ஒரு தரம் புரட்டினார். செருப்பைச் சிமெண்டுத் தரையில் தேய்த்த மாதிரி ஒரு சத்தம். மனைவி திரும்பிப் பார்த்தார்.

"இதுக்குத்தான் இத்தனை பாடா?"

"இதுக்குத்தான்," என்றார் தந்தி. மறுபடி தேய்த்தார்.

சந்தோஷத்தில் புத்தி மழுங்கும். மறுநாள் காலை இலக்கு அலுவலரிடம் ஓடிப் போய், "மேடம், வாசிக்க முடியுது," என்று சொல்லிவிட்டார்.

அலுவலரின் முகத்திலிருந்து தேன் வடிந்து போனது. எழுந்து கதவைச் சாத்தினார். "யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"வீட்ல தெரியும்."

"நம்ம இலக்கு ரசித்தல். வாசிக்கறது இலக்கு மீறல். ஆய்வு வர்ற நேரத்துல, சொன்ன இலக்கு ஒண்ணு, ஆன காரியம் வேறன்னா, எங்க திட்டமிடல் தப்புன்னு ஆயிடும். தயவுசெஞ்சு ஆய்வு முடியற வரைக்கும் கை குணமாகாம பாத்துக்கங்க."

"எப்படிங்க பாத்துக்கறது?"

"கொஞ்ச நாள் இங்க ஒழுங்கா வந்தீங்கன்னாலே போதும்," என்றார் அலுவலர், தான் சொல்வதைத் தானே கேட்காமல்.

தந்தி சாத்திய கதவைத் தானே திறந்துகொண்டு வெளியே போனார். இருந்தாலும் ஆய்வு நாளன்று வரச் சொன்ன நேரத்துக்கு வந்தார். வராவிட்டால் டாக்டருக்கு எழுதுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். பயந்து வந்த தன்னையே சகிக்க முடியாத அருவருப்பு இன்னொரு பக்கம்.

அரங்கத்தில் ஈ எறும்புக்கு இடமில்லை. முதல் வரிசையில் ஆய்வாளர் அம்மாள், மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் பேனா. சட்டத்தின் இடது கொக்கி தளர்ந்திருப்பதைத் தந்தி தூரத்திலிருந்தே கவனித்தார். இயக்குநர் மைக் முன் வந்தார்.

"மற்ற இடங்கள்ல நோயாளியை இலக்குக்குக் கொண்டுபோறாங்க. பாவம், எவ்வளவு தூரம்! நாங்க மனிதாபிமானத்தோட, இலக்கை நோயாளிகிட்டக் கொண்டுவர்றோம். படுத்த இடத்திலேயே வெற்றி. ஒருத்தரையும் சிரமப்படுத்தறதில்ல."

தபால்காரரை மேடைக்குத் தள்ளி வந்தார்கள். நான்கு மரப்படிகளும் கைப்பிடியுமாக ஒரு பொம்மைப் படிக்கட்டு இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பயமில்லை. ஆய்வாளர் குறித்துக்கொண்டார். தட்டினார்கள். அடுத்து ஊழியர் ஒருவர் காலி அண்டாவைத் தூக்க, சமையற்கார அம்மாள், "சபாஷ்," என்றார், இழவு வீட்டில் பேசுகிற குரலில். தட்டினார்கள்.

மூன்றாவதாகத் தந்தியை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதிரில் இன்னொரு நாற்காலியில் இயக்குநரின் மருமகன், பளபளக்கிற கிட்டாரோடு. விலை ஒட்டிய காகிதம் பின்னால் இன்னும் கிழிக்கப்படவில்லை. அவர் வாசிப்பதைத் தந்தி கேட்டு ரசிக்க வேண்டும், அதுதான் நிகழ்ச்சி.

மருமகன் வாசித்தார். மூன்றாவது கம்பி சுருதி இறங்கித் தொளதொளவென்று கிடந்தது. அதற்குப் பிராயச்சித்தமாக இரண்டாவது கம்பி மேலே ஏறியிருந்தது. மருமகன் கண்ணை மூடிக்கொண்டு, காதையும் மூடிக்கொண்டவரைப் போல, விடாமல் தொடர்ந்தார். தந்தியின் காதுகளோ, இப்படி ஒரு ஜோடி பார்த்ததில்லை என்று பரிசோதித்துச் சொல்லப்பட்ட காதுகள். ஒவ்வொரு அடிக்கும் அவர் முகம் புளியைக் கடித்த மாதிரி சுருங்கியது.

ஆய்வாளர் பேனாவை நிறுத்தினார். "இவர் ரசிக்கிறாரா?"

"உள்ளுக்குள்ள ரசிக்கிறார்," என்றார் இயக்குநர். "ஆழமான ரசனை முகத்துக்கு வராது."

இலக்கு அலுவலர் திரைக்குப் பின்னாலிருந்து இரண்டு விரலால் தன் உதட்டோரங்களைத் தூக்கிக் காட்டினார், சிரிக்கும்படி. தந்தி சிரிக்கப் பார்த்தார். உதடு வந்தது, சிரிப்பு வரவில்லை. இந்த ஒரு சிரிப்பைச் சிரித்துவிட்டால் இலக்கு அடைந்தாயிற்று. கை குணம், கோப்பு மூடல், தங்கம். பிறகு எவர் கேட்டாலும், 'இந்தக் கைக்கு வேண்டியது இவ்வளவுதான்' என்று அவர் சிரிப்பே சாட்சி சொல்லும்.

எழுந்தார். "தம்பி, அதை இப்படிக் குடுப்பா."

மருமகன் கொடுத்துவிட்டார். அவருக்கும் விட்டால் போதும் போலிருந்தது. தந்தி கிட்டாரை மடியில் வைத்து, வலது கட்டைவிரலால் கம்பியைச் சுண்டிச் சுண்டி, இடது கையால் முறுக்கி, சுருதி சேர்த்தார். அதற்கு நேரம் ஆயிற்று. பிறகு வாசித்தார். பெரிதாக ஒன்றுமில்லை, கார் ஷெட்டில் வாசிக்கிற பழைய சங்கதிதான். நடுவில் முழங்கைக்குள் சுருக்கென்றது. ஓர் அடி தவறியது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த அடியைப் பிடித்தார். கை புரண்டது. வானம், தரை, வானம். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. நிறுத்தினார்.

கைதட்டல் இல்லை. இந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று யாருக்கும் சொல்லி வைத்திருக்கவில்லை.

ஆய்வாளர் கண்ணாடியை மேலே தள்ளினார். "இவரோட இலக்கு என்ன?"

"ரசித்தல்ங்க," என்றார் இயக்குநர், நாக்கு ஒட்டிக்கொள்ள. "அவர் வாசிக்கலைங்க. கிட்டார் கையில இருந்துச்சு, அதுவா சத்தம் போட்டுச்சு. பயிற்சி பெற்ற எங்க ஊழியர்கள் யாருமே இவரை வாசிக்க வைக்கலை. அதுக்கு நான் உத்தரவாதம்."

"அதை நான் நம்பறேன்," என்றார் ஆய்வாளர். "ஆனா இவர் ரசிக்கலை. கடைசி வரைக்கும் ரசிக்கவே இல்லை. நானே பாத்தேன்." பேனா ஓடியது. "தோல்வி."

அறுந்த கை வாசித்துவிட்டது என்பதை அந்த அரங்கத்தில் முன்வரிசையில் இருந்த யாரும் கவனிக்கவில்லை. நிலையத்தின் சரித்திரத்தில் முதல் தோல்வி என்பதைத்தான் கவனித்தார்கள். இயக்குநர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்," என்று ஒரு குரல் வந்தது. தபால்காரர். "தோக்கறதுக்கு இன்னும் இடம் இருக்குங்களா?"

யாரும் பதில் சொல்வதற்குள் அவர் சக்கர நாற்காலியிலிருந்து கைப்பிடியைப் பற்றி எழுந்துவிட்டார். பொம்மைப் படிக்கட்டின் முதல் படியில் ஒரு காலை வைத்தார்.

"ஐயா," என்று மைக்கில் கதறினார் இயக்குநர், "பாத்தா போதும்யா. நல்லாத்தானே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

தபால்காரர் இரண்டாவது காலையும் மேலே சேர்த்தார். நின்றார். முழங்கால் கடகடவென்று ஆடியது. "ஏறிட்டேன்," என்றார். பிறகு, சுற்றிலும் பார்த்து, "இறங்கத்தான் தெரியலை," என்றார்.

வரவேற்பு மேசையிலிருந்து அந்தப் பயிற்சிக்காரப் பெண் ஓடி வந்தாள். முகத்தில் மருந்துக்குக்கூடச் சிரிப்பில்லை. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "எந்தக் கால் வலிக்குதோ அதை முதல்ல இறக்குங்க," என்றாள். "வலிக்குமே," என்றார் அவர். "வலிக்கும்," என்றாள் அவள்.

சமையற்கார அம்மாள் மட்டும் அண்டா பக்கத்தில் அசையாமல் நின்றார். "எனக்கு இன்னும் தூக்க முடியாது," என்றார், பொதுவாக எல்லோரிடமும். "ஆனா இனிமே சபாஷ் சொல்ல மாட்டேன்." வில்லையைக் கழற்றி அண்டாவுக்குள் போட்டார். நல்ல கனமான சத்தம் கேட்டது.

தங்கத் தரம் கிடைக்கவில்லை. அதனால் நிலையம் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டதாக நினைத்தால், நீங்கள் நிலையத்தைப் புரிந்துகொள்ளவில்லை. அன்று மத்தியானமே குழு அவசரமாகக் கூடியது. 'தங்கத் தரம் பெறுதல்' என்று இருந்த நிலையத்தின் இலக்கு, 'தங்கத் தரத்துக்கு விண்ணப்பித்தல்' என்று திருத்தப்பட்டது. அந்த இலக்கு ஏற்கெனவே நிறைவேறியிருந்ததால், எழுந்து நின்று தட்டினார்கள். தந்திக்கு, அவர் இனி நிலையத்தின் நோயாளி அல்ல என்றும், அவருடைய தோல்விக்கு அவரே முழுப் பொறுப்பு என்றும் வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்டது. இலக்கு அலுவலருக்கு அப்போதும் கண் கலங்கியது.

அறுவை டாக்டரிடம் தந்தி தானே போனார். டாக்டர் கையை மடக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "ஒத்துழைப்பு இல்லைன்னு எழுதியிருக்காங்க," என்றார். "அதைத் தொடர்ந்து செய்ங்க."

சனிக்கிழமை கார் ஷெட்டில் முடிதிருத்தும் கடைக்காரர் டிரம்மில் தூசி தட்டிக்கொண்டிருந்தார். மச்சினன் போனை வெளியே ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வந்தான்.

"மாமா, கடைசியா என்னதான் சொன்னாங்க? கை குணமாயிடுச்சா?"

"தோல்வின்னு எழுதிட்டாங்கடா. அந்த இடத்துல முதல்ல தோத்தவன் நான்தான்."

"அப்ப வாசிக்கலாமா?"

"ஒரு பாட்டு. அதுக்கு மேல தாங்காது."

ஆரம்பித்தார்கள். கேட்கச் சகிக்கவில்லை. இரண்டாவது சரணத்துக்குப் போவதற்கு முன் தந்தியின் கை நடுங்கி நின்றுவிட்டது. தொடையில் கையை வைத்து, உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்பினார், தரை பார்க்கத் திருப்பினார். டிரம் மெதுவாகியது. மச்சினன் அவசரப்படவில்லை. முன்னால் போகாமல், பாடிக்கொண்டிருந்த அந்த ஒரு வரியையே, மாமாவின் கை வந்து சேரும் வரைக்கும் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டு நின்றான்.